நிமிர்த்தி வைத்த கல்

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்.
18-2-1969

அன்புள்ள மகள் நீலாவதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், வீடும் சௌக்கியம், கூரைத் தகரம் துருப்பிடித்தாலும் இன்னும் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும் என்கிறார்கள். பூனாவில் உன் உடம்பும் படிப்பும் எப்படி இருக்கின்றன, குளிர் குறைந்ததா என்று எழுது. இங்குள்ள சௌக்கியக் கணக்கில் சேராதது ஒன்றே ஒன்றுதான், அது பெரார்கஞ்சில் இருக்கும் உன் கல். அதைப் பற்றிச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன், ஆனால் நேரே அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் மற்ற சமாச்சாரங்களை முதலில் எழுதிவிடுகிறேன், நீயும் பொறுமையாகப் படித்துக்கொண்டு வா.

கப்பல் இந்த முறையும் தாமதம். உருளைக்கிழங்கு வரவில்லை, வெங்காயம் வரவில்லை, மெயின்லாந்துச் செய்தித்தாள்கள் மட்டும் மூட்டை மூட்டையாக வந்தன, அதனால் போன மாதம் நாட்டில் என்ன நடந்தது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், நாளைக்குக் குழம்பில் எதைப் போடுவது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் இன்னும் ஆறாம் வகுப்புக்குத்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகள் பாதி வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மீதியை இந்தியில் முடிக்கிறார்கள், நான் நடுவில் நின்று திருத்துகிறேன். உன் ருக்கு சித்தி உனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள், பையன் துறைமுகத்தில் குமாஸ்தா, நல்ல குடும்பம்தான். பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள், பழங்காலத்துப் பொருள்களைத் தேடி மண்ணைத் தோண்டுகிற படிப்பு என்றேன், கிணறு தோண்டவா மெயின்லாந்துக்குப் போனாள் என்று பையனின் தாயார் கேட்டார்கள், அதற்குமேல் பேச்சு வளரவில்லை. நீ வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும், நானும் படவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தேவலையாகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு மனைவி எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த முழங்கால் மட்டும் இரண்டு மாதம் கூடுதலாக வலித்திருந்தால் உன் கல் இன்று இருந்தபடியே இருந்திருக்கும்.

போன டிசம்பரில் உன் கடிதம் வந்தபோது வழக்கம்போல நான்தான் உரக்க வாசித்தேன், அவர் வழக்கம்போலக் கேட்காதவர் மாதிரி வானொலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக்கொடுத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கப்பலேறிய நாளில் அவர் ஜெட்டிக்கு வரவில்லை, அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நான் எழுதும் கடிதங்களின் அடியில் அப்பா நலம் என்று எழுதுவதும் நான்தான். ஆனால் உன் கடிதம் வரும் நாளில் அவர் துடைக்கும் பொருள் எதுவானாலும் அது நான் படித்து முடிக்கும் வரை சுத்தமாகாது. அன்றைக்கு, நீ பார்த்த கல்லைக் காண உன் பேராசிரியரே மார்ச் மாதக் கப்பலில் வருகிறார் என்ற வரியை நான் வாசித்ததும் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். கல்லைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த வரி. அதை வாசிக்கும்போது அவர் எழுந்துவிட்டார். யாரும் அதைத் தொடக்கூடாது, அடியில் தோண்டக்கூடாது என்பது அதற்கும் அடுத்த வரி, அதை வாசிக்கும்போது அவர் உள்ளே குடையைத் தேடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, தோண்டுவது வேறு அஸ்திவாரம் எடுப்பது வேறு என்று முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்த மனிதருக்குத் தோன்றியிருக்கும்.

மேலதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டால் இந்தத் தீவில் என்ன செய்வோம் என்பது உனக்குத் தெரியாததல்ல. நிற்பது எதுவானாலும் அதற்கு முழங்கால் உயரம் வெள்ளை, அதற்குமேல் ஒரு சாண் காவி. மரத்துக்கு அடிப்போம், மைல் கல்லுக்கு அடிப்போம், சாலையோரம் சும்மா கிடக்கும் கருங்கல்லை உருட்டி வரிசையாக வைத்து அதற்கும் அடிப்போம். நீ சின்னவளாக இருந்தபோது ஒரு பெரிய அதிகாரி வந்த சமயம், அசையாமல் நின்ற ஓர் ஆட்டின் காலிலும் ஒரு மட்டை சுண்ணாம்பு பட்டது, அந்த ஆடு அதிகாரி போன பிறகும் வெகுநாள் அரசாங்கச் சொத்து மாதிரி நடந்துகொண்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை நீலா, உன் அப்பாவுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். வருகிறவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு சுண்ணாம்பு. உன் பேராசிரியரோ கல்லைப் பார்ப்பதற்காக என்றே கடல் தாண்டி வருகிறவர், அப்படி ஒரு அதிகாரியை உன் அப்பா தன் சர்வீஸில் கண்டதில்லை.

மறுநாளே காலை பஸ்ஸில் பெரார்கஞ்சுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. கல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நட்டவன் தூக்குக் குண்டு பிடித்துப் பார்க்கவில்லை, எந்தக் கான்ட்ராக்டரோ தெரியாது, பில் பாஸ் பண்ணியவனைச் சொல்ல வேண்டும் என்றார். அது சரித்திரத்துக்கு முந்திய காலத்துக் கல்லாக இருக்கலாம் என்று நீலா நினைக்கிறாள் என்றேன். சரித்திரத்துக்கு முந்தியது என்றால் ரெக்கார்டு கிடையாது, ரெக்கார்டு இல்லாத கட்டுமானத்தை ஆக்கிரமிப்பு என்றுதான் எழுதுவார்கள், அதனால் முதலில் ஒரு பீடம் கட்டி அதை முறைப்படுத்த வேண்டும் என்றார். நான் சிரித்தேன். அவர் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், இருபத்தைந்து வருஷம் கூட இருந்தும் அவர் பேச்சுக்கு எதுவும் சொல்வதில்லை என்பது எனக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று. பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை டிபன் கேரியரோடு போய்வந்தார், நானும் வருகிறேன் என்றால் முடியட்டும் முடியட்டும் என்றார். திரும்பி வரும்போதெல்லாம் அந்த நிலத்துக்காரர் சிலுவைராஜ் வீட்டிலிருந்து ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்தார். இந்தக் கத்தரிக்காயை நினைவில் வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைப்பு வந்தது. உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார், என்னையும் நல்ல சேலை கட்டச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் நடந்தோம், போன விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது நாம் இரண்டு பேரும் நடந்தோமே அதே வரப்பு, அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. அப்போது காட்டு ஓரத்தில் அந்தக் கல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது உனக்கு நினைவிருக்கும், பாசி படிந்து, கொடி சுற்றி, யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுத்த மாதிரி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை, தூரத்திலேயே கண் கூசியது. கொடி இல்லை, பாசி இல்லை. சதுரமாக ஒரு கான்கிரீட் பீடம், நாலு மூலையிலும் குட்டித் தூண்கள், அவற்றைச் சுற்றிக் கப்பல் சங்கிலி. நடுவில் உன் கல், தலைமுதல் வெள்ளை, இடுப்பில் காவிப் பட்டை, ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத அளவுக்கு நேராக. கல்லின் வயது என்ன என்பதுதானே உன் ஆராய்ச்சி, அதையும் அப்பா தீர்த்துவைத்துவிட்டார், பீடத்தில் சிமெண்ட் காயுமுன் ஆணியால் 1969 என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஜ. நீலாவதி கண்டுபிடித்தது என்று இருக்கிறது. எழுத்து அவருடையதுதான், கோடு போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுத வராது நீலா, கான்கிரீட்டில் எழுதத்தான் வருகிறது.

வேலையை முடித்துக்கொடுத்தவர் கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம், அப்பாவின் பழைய ஆள், அவரும் எங்களுக்காகக் காத்திருந்தார். நான் அந்தக் கல்லின் அடியில் இருந்த மண் எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே நீ அங்கே குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் காட்டியது அப்படியே ஞாபகம் வந்தது, இந்தக் கல்லை மனிதர் கை நட்டதா, இல்லை தானாகவே இப்படி நிற்கிறதா என்பது கல்லுக்குத் தெரியாதம்மா, அடியில் இருக்கும் மண்ணுக்குத்தான் தெரியும், இந்தச் சிப்பியும் கரியும் படுத்திருக்கிற வரிசைக்குத்தான் தெரியும் என்று சொன்னாயே. பன்னீர்செல்வம் மிகவும் சந்தோஷமாகப் பதில் சொன்னார். சாய்ந்த கல்லை நிமிர்த்த வேண்டுமானால் முழுசாக வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டுமாம், ஆளுயரத்துக்குக் குழி எடுத்தார்களாம், எடுக்க எடுக்கக் கறுப்பு மண்ணும் கிளிஞ்சலும்தானாம், வண்டி வண்டியாகக் கிளிஞ்சலாம். வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு வேண்டும், மெயின்லாந்து சுண்ணாம்போ கப்பலில் வரவில்லை. "ஆண்டவனாப் பாத்துக் குடுத்தான் டீச்சரம்மா, சூனாவுக்கு எங்க போறதுன்னு முழிச்சிட்டிருந்தோம், அந்தக் குழியிலயே கெடச்சிருச்சு. அங்கனயே சூளை போட்டு எரிச்சு நீத்துனோம். பாருங்க, எப்படிப் பளபளங்குது, பக்கா உள்ளூர்ச் சரக்கு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. உன்னுடைய ஆதாரம் முழுவதும் என் கண் முன்னால்தான் இருந்தது, இரண்டு பூச்சாக. நமக்கெல்லாம் எவ்வளவோ காலம் முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து சிப்பியைச் சுட்டுத் தின்று ஓட்டை எறிந்தவர்கள் யார், அவர்கள்தான் அந்தக் கல்லை நட்டார்களா, ஏன் நட்டார்கள் என்று தெரிந்துகொள்ள நீ ஆசைப்பட்டாய். அவர்களைப் பற்றி இங்கே வந்து குடியேறிய நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை, காட்டை வெட்டினார்கள், பிளாட் நம்பர் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். முதல் தடவையாக நம் வீட்டில் ஒருத்தி கேட்டாள், அதற்குப் பதில் வருவதற்குள் பதிலைக் கொளுத்திச் சுண்ணாம்பாக்கிவிட்டோம். அந்தக் கல்லை யாரும் நடவே இல்லை, அது வெறும் பாறைதான் என்று தெரிய வந்திருந்தாலும் நீ சமாதானமாகியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இனி அதுவும் தெரியாது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மீதிக் கறுப்பு மண் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிலுவைராஜின் மனைவி ரோசலின் முன்னால் வந்து, அருமையான மண்ணக்கா, வீணாக்கக் கூடாதென்று தோட்டத்தில் காய்க்கிற செடிகளுக்குப் போட்டேன், கத்தரி எப்படிப் பிடித்துக்கொண்டது பாருங்கள் என்று என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். ஆகவே உன் ஆராய்ச்சியில் எரிந்தது போக மிச்சத்தை இத்தனை வாரமாக நானும் உன் அப்பாவும் பொரியலாகவும் கொத்சாகவும் சாப்பிட்டு வந்திருக்கிறோம். காய் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. நான் நல்ல சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்து கிளறினேன், ரோசலினும் என்ன ஏது என்று கேட்காமல் கூடவே உட்கார்ந்து கிளறினாள், காதுத் தோடு தொலைந்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. எரியாத சிப்பிகள் கொஞ்சம், கரித்துண்டு, ஒரு கறுப்பு ஓட்டுச் சில்லு, அது சட்டியா பானையா, யார் உடைத்தது என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். பத்துபஸ்தியில் குடியிருக்கும் சிசிலியா அடுத்த கப்பலில் மெட்ராஸ் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து ரயில் பார்சலில் வரும். இருந்த இடத்தை விட்டு எடுத்த பொருள் சாட்சி சொல்லாது, எங்கிருந்து வந்தது என்று அதற்குச் சொல்ல வராது என்று நீ ஒருதடவை சொன்னாய். இருந்த இடத்தை விட்டு இந்தத் தீவுக்கு வந்த நாங்கள் எல்லாரும் எங்கிருந்து வந்தோம் என்பதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை, கிளிஞ்சலுக்கு அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

சிலுவைராஜுக்கு வேறு கவலை. ஒரு வாரமாகப் பீடத்தில் யாரோ தேங்காய் உடைக்கிறார்கள், யாரோ மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், பக்கத்து பிளாட் வங்காளி வீட்டுப் பெண்கள் சிவப்புப் பூ வைக்கிறார்கள், கடைசியில் தன் நிலம் கோயிலாகிவிடுமோ என்று அவர் பயப்படுகிறார். "சாஞ்சு நின்னப்ப ஒருத்தன் ஏறிட்டுப் பாக்கல டீச்சர். நிமுத்தி வெள்ளை அடிச்சதும் அவனவனுக்கு அவனவன் ஊரு சாமியாத் தெரியுது" என்றார். உன் படிப்புக்கு இது உதவுமா தெரியவில்லை, எனக்கு அந்த மனிதர் சொன்னது பெரிதாகப் பட்டது.

திரும்பி வரும்போது வரப்பில் உன் அப்பா முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, என்னைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்குப் பிடிக்குமா மங்கை?" என்று கேட்டார். உன் பெயர் சொல்லாமலேயே என்றாலும், உன்னைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. பிடிக்கும் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீ அங்கிருந்து சொல்லலாம், அந்த வரப்பில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேராசிரியரை எங்கே தங்கவைப்பது, அவர் மீன் சாப்பிடுவாரா என்று பேசிக்கொண்டே வந்தார்.

நேற்று சாயங்காலம் வரை அவரிடம் சொல்லாமல் உனக்கு மட்டும் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதுவரை எழுதிவிட்டு இன்று காலை நினைத்துப் பார்த்தேன், நீயும் நானும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றுவதும் ஒரு வெள்ளையடிப்புதான் என்று பட்டது. காபியைக் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து அவரிடம் படித்துக் காட்டினேன். ஆட்டுக் கதைக்குச் சிரித்தார். கிளிஞ்சல் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. மண்ணுக்குக்கூட வரிசை உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். அதை ஏன் அவள் எழுதவில்லை என்றார், தோண்டக்கூடாது என்று எழுதியிருந்தாள் என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "சங்கிலியக் கழட்டி, பீடத்த ஒடச்சு, மறுபடியும் சாச்சு வச்சிரலாமா?" என்று கேட்டார். பிரயோஜனம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எந்தப் பக்கம் சாய்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். காட்டுப் பக்கம் என்றார். வயல் பக்கம் என்றேன் நான். இப்போது பன்னீர்செல்வத்தைக் கேட்டுவரப் புறப்பட்டிருக்கிறார், அவர் மூன்றாவதாக ஒரு பக்கம் சொல்வார்.

உன் பேராசிரியரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடு, நீ அழகுபடுத்த வேண்டாம், அழகுபடுத்தும் வேலையை நாங்கள் முடித்துவிட்டோம். இதை விமானத் தபாலில் போடுகிறேன், கல்கத்தா சுற்றி வந்தாலும் அவர் கப்பலேறுமுன் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் அவர் வருகிறார் என்றால் வரட்டும், எல்லாவற்றையும் நானே பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்கிறார் அப்பா, மீன் சாப்பிடுவாரா என்பதை மட்டும் மறக்காமல் எழுது. என் மேலும் அப்பா மேலும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான், அதைக் காகிதத்தில் எழுதியே அனுப்பு, சும்மா இருந்துவிடாதே. இந்த வீட்டில் ஒருவர் இரண்டு வருஷம் சும்மா இருந்தது போதும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, வெயிலில் தோண்டும்போது தலையில் துணி கட்டிக்கொள். எல்லா நலமும் பெற்று, நினைத்த படிப்பை முடித்து, நீண்ட நாள் நன்றாக இரு.

உன் நலம் நாடும் அம்மா,
ஜ. மங்கையர்க்கரசி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் அப்பா வந்துவிட்டார். பேனாவைக் கேட்டார், கொடுத்தேன். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

நீலாவதிக்கு, கல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று உனக்கு நினைவிருந்தால் எனக்கு எழுதவும். இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா.